எச்.ஐ.வி. தடுப்பில் மக்கள் பங்கேற்பு: சோனாகாச்சி அனுபவம்

1968ஆம் ஆண்டில் மத்திய அரசு ‘நிரோத்’ ஆணுறைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது மூன்று உறைகளின் விலை 15 காசு. தேயிலையும் சோப்பும் சிகரெட்டும் விற்று வந்த பெரிய நிறுவனங்களின் விநியோகப் பாதைகளிலேயே அதுவும் பயணம் செய்து, பெட்டிக்கடை வரை சென்று சேர்ந்தது. மறு ஆண்டு திருவனந்தபுரத்தில் ஹிந்துஸ்தான் லேடக்ஸ் ஆலை தனது உற்பத்தியைத் தொடங்கியது. ஆக, எச்.ஐ.வி. என்னும் கிருமி இந்நாட்டில் கண்டறியப்படுவதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, அதனைத் தடுக்கவல்ல பொருளை மலிவாகச் செய்யவும் மூலைமுடுக்குகளுக்கு அனுப்பவும் நாம் கற்றிருந்தோம். பொருள் இருந்தது; விலை குறைவு; கடையும் அருகில். அப்படியிருந்தும், 1992இல் கல்கத்தாவின் சோனாகாச்சிப் பகுதியில் ஆய்வு நடத்தியவர்கள், அங்குள்ள பாலியல் தொழிலாளர்களில் ஆணுறையைத் தவறாது பயன்படுத்த இயன்றவர்கள் நூற்றுக்கு மூவர்கூட இல்லை என்று கண்டனர்.

வழங்கலில் குறையில்லை, தேவைதான் எழவில்லை என்று பொருளியல் மாணவர் ஒருவர் எளிதாகக் கூறிவிடக்கூடும். அது உண்மையன்று. அப்பெண்களுக்கு நோயைப் பற்றிய அச்சம் இல்லாமல் இல்லை. ஆணுறை வேண்டுமென்று வற்புறுத்தினால் வந்தவர் அடுத்த வாசலுக்குச் சென்றுவிடுவார் என்பதே அவர்கள் நிலை. இந்த எளிய உண்மையில் அடங்கியுள்ள பொருளாதாரத்தை விளங்கிக்கொண்ட திட்டங்கள் பலன் தந்தன. விளங்கிக்கொள்ளாதவை துண்டுப் பிரசுரங்களை அச்சிட்டன. இக்கட்டுரை பெரும்பாலும் முதல் வகைத் திட்டம் ஒன்றைப் பற்றியது.

அச்சத்தின் ஆண்டுகள்

சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும், அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் 1986இல் மேற்கொண்ட ஆய்வே இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் வெளிப்படுத்தியது. பாதுகாப்பு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடமிருந்து எடுக்கப்பட்ட இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. அது மேலை நாடுகளின் நோய், நம் பண்பாட்டில் அதற்கு இடமில்லை என்று பலரும் நம்பியிருந்த காலம் அது.

தொற்று உண்டு என்பது உறுதியானதும் எழுந்த முதல் எண்ணம், அதை உடையவர்களை ஒதுக்கி வைக்கவேண்டும் என்பதே. கோவாவில் 1987இல் திருத்தப்பட்ட பொதுச் சுகாதாரச் சட்டம் தொற்றுடையோரைத் தனிமைப்படுத்த அரசுக்கு அதிகாரம் அளித்தது. 1989இல் அச்சட்டத்தின்கீழ் இளைஞர் ஒருவர், பயனற்றுக் கிடந்த காசநோய் மருத்துவமனை ஒன்றில் 64 நாட்கள் அடைத்து வைக்கப்பட்டார். அவர் செய்ததெல்லாம் இரத்த தானம். அதே ஆண்டில் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட எய்ட்ஸ் தடுப்பு மசோதாவும் கட்டாயப் பரிசோதனையையும் தனிமைப்படுத்தலையும் வழியாகக் கொண்டிருந்தது. எதிர்ப்புக்குப் பின் அது திரும்பப் பெறப்பட்டது. தமிழ்நாட்டில் தொற்றுக் கண்டறியப்பட்ட பெண்கள் பலர், தண்டனைக் காலம் முடிந்த பின்னும் இல்லங்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டனர். நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அவர்கள் வெளிவர முடிந்தது.

இந்நடவடிக்கைகளின் விளைவை ஊகிப்பது கடினமன்று. பரிசோதனைக்குச் சென்றால் சிறை என்றால், பரிசோதனைக்கு எவரும் செல்லமாட்டார். நோய் குறையவில்லை, நோயைப் பற்றிய தகவல்தான் குறைந்தது. 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நிறுவப்பட்டு, உலக வங்கியின் கடனுதவியுடன் முதலாவது தேசியத் திட்டம் தொடங்கியது. 1994இல் தமிழ்நாடு, அரசுத் துறைக்கு வெளியே தனிச் சங்கமாகப் பதிவு செய்யப்பட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் ஒன்றை அமைத்து மற்ற மாநிலங்களுக்கு முன்மாதிரியாயிற்று. நிதி ஒதுக்கீடு கருவூலத்தின் படிக்கட்டுகளிலேயே தங்கிவிடாமல் களத்துக்குச் செல்ல இந்த ஏற்பாடு உதவியது. நிர்வாக அலுவலர்கள் இதன் அருமையை நன்கு உணர்வர்.

குறுகிய வட்டத்தில் முதலீடு

தடுப்புப் பணிக்கான நிதியை எங்கே செலவிடுவது? இந்தியாவில் இத்தொற்று மக்கள்தொகை முழுவதும் சமமாகப் பரவவில்லை. பாலியல் தொழிலில் உள்ள பெண்கள், ஆண்களுடன் பாலுறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கையர், ஊசி வழியாகப் போதைப்பொருள் ஏற்றிக்கொள்வோர் ஆகிய சில பிரிவினரிடையே அது செறிந்து கிடந்தது. அவர்களிடமிருந்து வாடிக்கையாளர் வழியாகவும், நெடுந்தூர லாரி ஓட்டுநர், இடம்பெயர்ந்து வேலை செய்வோர் வழியாகவும் குடும்பங்களுக்குச் சென்றது. ஆண்டில் சில நூறு பேரைச் சந்திக்கும் ஒரு பெண்ணின் பாதுகாப்புக்குச் செலவிடும் ரூபாய், அவளை மட்டுமன்றி அவளைத் தேடி வருவோரையும் அவர்தம் மனைவியரையும் காக்கிறது. அதே ரூபாயை ஊரெங்கும் பலகை எழுதச் செலவிட்டால் இப்பலனில் சிறு பகுதியும் கிட்டாது. பொருளியலில் புறவிளைவு என்று கூறப்படும் கருத்துக்கு இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1999இல் தொடங்கிய இரண்டாவது திட்டமும், 2007இல் தொடங்கிய மூன்றாவது திட்டமும் இக்கணக்கையே அடிப்படையாகக் கொண்டன.

கணக்கு சரியானதே. ஆயினும் அதற்குள் ஓர் இடர்ப்பாடு உண்டு. ‘அதிக ஆபத்துக்குரிய பிரிவினர்’ என்னும் அலுவலகச் சொல்லைக் கேட்கும் பொதுமக்கள், அவர்கள் ஆபத்துக்கு உள்ளாகிறவர்கள் என்று பொருள் கொள்வதில்லை. ஆபத்தானவர்கள் என்றே பொருள் கொள்கிறார்கள். ஒருவரைப் பிறரைக் காப்பதற்கான கருவியாக மட்டும் கருதி அணுகினால், அவர் அதை முதல் சந்திப்பிலேயே உணர்ந்துவிடுவார். சோனாகாச்சியில் இத்தவறு நேரவில்லை என்பதே அதன் சிறப்பு.

பாதி வாரத்தில் ஒரு தொழில்

வட கல்கத்தாவில் அமைந்த சோனாகாச்சி, நாட்டின் பெரிய பாலியல் தொழில் பகுதிகளுள் ஒன்று. அங்கே 1992இல் பணியைத் தொடங்கியது, மத்திய அரசின் அகில இந்திய சுகாதார மற்றும் பொதுநல நிறுவனம். பொறுப்பேற்றவர் டாக்டர் ஸ்மரஜித் ஜானா. தொழில்சார் சுகாதாரத்தில் பயிற்சி பெற்ற அவர் இதனைத் தொழிலாளர் நலப் பிரச்சினையாகக் கண்டார். சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலைக் காக்க விரும்புகிறவர், அவரைச் சுரங்கத்தைவிட்டு வெளியேறும்படி உபதேசிப்பதில்லை. சுரங்கத்தின் காற்றை ஆராய்கிறார். அந்நோக்கிலேயே அவர் சோனாகாச்சியின் ‘காற்றை’, அதாவது தொழில் நடைபெறும் முறையை ஆராய்ந்தார்.

அங்கே மூவகை ஏற்பாடுகள் இருந்தன. கடனுக்கோ விலைக்கோ ஈடாகக் கொண்டுவரப்பட்டு, தன் வருமானத்தில் எதுவும் பெறாமல் உழைப்பவர் ‘சுக்ரி’. வருமானத்தில் பாதியை வீட்டின் எஜமானிக்குத் தருபவர் ‘ஆதியா’. அறைக்கு வாடகை செலுத்திச் சொந்தமாகத் தொழில் செய்பவர் மூன்றாம் வகையினர். வங்காளத்தின் நிலவுடைமை வரலாற்றை அறிந்தவர்களுக்கு இரண்டாவது சொல் புதிதன்று. விளைச்சலில் பாதியை நிலவுடைமையாளருக்கு அளக்கும் வாரக் குடியானவரையும் வட வங்காளத்தில் ‘ஆதியார்’ என்றே அழைத்தனர். பண்ணையாள், வாரக் குடி, குத்தகைக் குடி என்று நம் கிராமங்களில் நாம் அறிந்த அதே வரிசைதான் நகரத்தின் ஒரு சந்துக்குள்ளும் இருந்தது. 1978இல் வாரக் குடிகளின் பெயர்களைப் பதிவு செய்து உரிமையளிக்கும் பணியைத் தொடங்கிய மாநிலமும் மேற்கு வங்காளமே. ஆனால் சந்துக்குள் இருந்த வாரக் குடியின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

மற்றோர் உண்மை கடன். வங்கிக் கணக்கு தொடங்க முகவரியும் கணவர் அல்லது தந்தை பெயரும் கேட்கப்பட்டன. அறிமுகம் செய்விக்கவும் ஒருவர் வேண்டியிருந்தது. இவை இல்லாதவர்கள் வட்டிக்காரரிடமே சென்றனர். ஆண்டு வட்டி 300 சதவீதம் வரை இருந்ததாக அப்பகுதியைப் பற்றிய பதிவுகள் குறிப்பிடுகின்றன. அன்றாடம் தவணை செலுத்தவேண்டிய பெண் எந்த வாடிக்கையாளரையும் திருப்பியனுப்ப முடியாது. மாலையில் வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது பத்தாண்டுகளுக்குப் பின் வரக்கூடிய நோய் பெரிதாகத் தோன்றுவதில்லை.

சக கல்வியாளர்

திட்டத்தினர் முதலில் செய்தது பகுதிக்குள்ளேயே ஒரு மருத்துவ நிலையத்தைத் திறந்தது. அங்கே பால்வினை நோய்களுக்கு மட்டுமன்றி, காய்ச்சலுக்கும் குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கும் மருந்து கிடைத்தது. அடுத்து, அப்பெண்களிலிருந்தே சிலரைத் தேர்ந்து பயிற்சியளித்து, மதிப்பூதியத்துடன் சக கல்வியாளர்களாக நியமித்தனர். பச்சை நிற மேலங்கி அணிந்த அவர்கள் குழுக்களாக வீடுவீடாகச் சென்றனர். நோயைப் பற்றிப் பேசினர், ஆணுறைகளை அளித்தனர், நோயுற்றவரை மருத்துவ நிலையத்துக்கு அழைத்து வந்தனர்.

அந்த மேலங்கி அற்பமானதாகத் தோன்றலாம். அதுகாறும் தெருவில் சென்றால் போலீஸார் விரட்டிய ஒரு பெண், இப்போது ஓர் அலுவலின் பெயரால், அடையாளத்துடன், பகல் வேளையில் அதே தெருவில் நடந்தாள். ‘தீதி’ என்று மற்றவர்கள் அவளை அழைக்கத் தொடங்கினர். தாங்கள் தர வேண்டிய விவரங்களை எழுத இயலாமையால் இப்பெண்களே எழுத்தறிவு வகுப்பு வேண்டுமென்று கேட்டனர், அதுவும் தொடங்கப்பட்டது. மதிப்பு, சார்ந்திருத்தல், அங்கீகாரம் ஆகிய மூன்றையும் தங்கள் கோட்பாடாகத் திட்டத்தினர் கூறினர். இவற்றுள் நடுவில் உள்ளதுதான் கடினமானது. அலுவலர், தாம் உதவ வந்தவரைச் சார்ந்தே தம் பணி நடக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அரசு ஊழியத்தில் நாம் பெறும் பயிற்சி இதற்கு நேர் எதிரானது.

பெண்களுடன் மட்டும் பேசிப் பயனில்லை என்பதும் விரைவில் தெளிவாயிற்று. வீட்டு எஜமானியர், தரகர், வட்டாரச் சங்கங்களின் இளைஞர், காவல் நிலையத்தினர் ஆகிய அனைவருடனும் பேச்சு நடந்தது. வீட்டிலுள்ள பெண் நோயுற்றால் வருமானத்தில் பாதி போவது எஜமானிக்குத்தான் என்று எடுத்துக் கூறப்பட்டது. அறவுரையைவிட இவ்வுரை அதிகம் பலித்திருக்க வேண்டும்.

மறுப்பின் விலை

விஜயேந்திர ராவ், இந்திராணி குப்தா, மைக்கேல் லோக்ஷின், ஸ்மரஜித் ஜானா ஆகியோர் கல்கத்தாவில் திரட்டிய விவரங்களைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2003இல் வெளிவந்தது. ஆணுறையின்றித் தொழில் செய்பவருக்கும், ஆணுறையை எப்போதும் வற்புறுத்துபவருக்கும் இடையே வருமானத்தில் எவ்வளவு வேறுபாடு உண்டு என்பதே அவர்கள் எழுப்பிய வினா. வயது, அழகு, கல்வி, இடம் போன்றவற்றின் செல்வாக்கைக் கழித்த பின்னும், வற்புறுத்துபவரின் வருமானம் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறையாத அளவு வீழ்ச்சியடைவதாக அவர்கள் மதிப்பிட்டனர். ஆணுறையின் விலை சில காசுகள். அதை வற்புறுத்துவதன் விலை வருமானத்தின் பெரும்பகுதி.

இவ்வளவு பெரிய இழப்பை எந்த அறிவுரையும் ஈடுசெய்யாது. ஆயினும் இவ்விழப்பு, பெண் தனித்து மறுக்கும்போது நேர்வது என்பதைக் கவனிக்கவேண்டும். நடவுக்கு வந்த பெண்களில் ஒருத்தி மட்டும் கூடுதல் கூலி கேட்டால் அவளுக்கு மறுநாள் வேலையில்லை. ஊரிலுள்ள எல்லோரும் ஒரே கூலியைக் கேட்டால் பண்ணையார் கொடுத்தே ஆகவேண்டும். ஒரு சந்தில் உள்ள அனைவரும் ஆணுறையின்றி இயலாது என்று கூறிவிட்டால், அடுத்த வாசலிலும் அதே பதில் கிடைக்கும்போது வாடிக்கையாளர் எங்கே போவார்? தனியொருத்திக்கு நட்டமாக இருப்பது கூட்டாகச் செய்யும்போது நட்டமாக இருப்பதில்லை. தொழிற்சங்கத்தின் பழைய பாடமே இது.

1995இல் ‘துர்பார் மகிளா சமன்வய கமிட்டி’ என்னும் அமைப்பை அப்பெண்கள் நிறுவினர். ‘துர்பார்’ என்றால் அடக்க முடியாதது என்று பொருள். 1997இல் கல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் பாலியல் தொழிலாளர்களின் முதல் தேசிய மாநாட்டை அவர்கள் கூட்டினர். 1999இல் தடுப்புத் திட்டத்தின் நிர்வாகமே அரசு நிறுவனத்திடமிருந்து அவர்கள் கைக்கு மாறியது. தொழிலுக்குப் புதிதாகக் கொண்டுவரப்படும் பெண் வயது நிரம்பியவரா, விருப்பமின்றி இழுத்துவரப்பட்டவரா என்று விசாரிக்கும் சுய ஒழுங்கு வாரியங்களையும் அவர்கள் ஏற்படுத்தினர். அவற்றில் வெளியிலிருந்து மருத்துவரும் வழக்கறிஞரும் இடம்பெற்றனர். இத்தகைய அமைப்பே தொழிலை நிலைபெறச் செய்துவிடும் என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் சிறுமியொருத்தி ஒரு வீட்டுக்குள் கொண்டுவரப்பட்டிருக்கிறாள் என்ற செய்தி, சோதனைக்கு வரும் போலீஸாரைவிட முன்னதாகப் பக்கத்து அறைப் பெண்ணுக்குத்தான் எட்டும் என்பதையும் கருதவேண்டும்.

உஷா கூட்டுறவுச் சங்கம்

வட்டிக்காரரை வெல்ல வழி கூட்டுறவு என்பது இந்நாட்டில் 1904ஆம் ஆண்டுச் சட்டம் முதல் ஏற்கப்பட்ட கொள்கை. சோனாகாச்சிப் பெண்கள் 1995இல் ‘உஷா பல்நோக்குக் கூட்டுறவுச் சங்க’த்தைப் பதிவு செய்ய முற்பட்டபோது வந்த தடை விசித்திரமானது. உறுப்பினர் நன்னடத்தை உடையவராக இருக்கவேண்டும் என்றது மாநிலச் சட்டம். இல்லத்தரசிகள் என்று எழுதிக்கொடுத்தால் பதிவு எளிதாகும் என்று யோசனை கூறப்பட்டது. அப்பெண்கள் மறுத்துவிட்டனர். தங்கள் தொழிலின் பெயராலேயே சங்கம் பதிவாக வேண்டும் என்றனர். இறுதியில் மாநில அரசு அவ்விதியைத் தளர்த்த, சங்கம் பதிவாயிற்று.

கோப்பில் ஒரு சொல்லை மாற்றி எழுதுவதற்கு இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று சிலர் எண்ணலாம். இல்லத்தரசிகளின் சங்கமாகப் பதிவாகியிருந்தால், பின்னாளில் எவரேனும் ஒருவர் புகார் செய்து அதனைக் கலைத்திருக்க முடியும். அதனினும் முக்கியமாக, பொய்ப்பெயரில் இயங்கும் சங்கம் வெளிப்படையாக எதையும் கோரமுடியாது. அன்றாடச் சேமிப்பைச் சங்கத்தின் ஆட்கள் வாசலுக்கே வந்து பெற்றனர். நோய்க்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், வீடு கட்டவும் நியாயமான வட்டியில் கடன் கிடைத்தது. ஆணுறை விற்பனையையும் சங்கமே ஏற்றது. திட்டச் செலவுத் தலைப்புகளில் இது ‘நோய்த் தடுப்பு’ என்று எழுதப்படுவதில்லை. கூட்டுறவு என்றோ மகளிர் நலன் என்றோ வேறொரு பக்கத்தில் இருக்கும். உண்மையில், தவணைக்கு அஞ்சாமல் ஒரு வாடிக்கையாளரைத் திருப்பியனுப்பும் திறனை அளித்தது இதுவே.

பலன்களும் ஐயங்களும்

1992இல் நூற்றுக்கு மூவருக்கும் குறைவாக இருந்த ஆணுறைப் பயன்பாடு, அப்பத்தாண்டின் இறுதியில் நூற்றுக்குத் தொண்ணூறு என்ற அளவை எட்டியதாகத் திட்டத்தின் ஆய்வுகள் கூறின. மும்பையில் அக்காலத்தில் பாலியல் தொழிலாளர்களில் பாதிப்பேருக்கு மேல் தொற்றுடையோராக இருந்தனர். சோனாகாச்சியிலோ அது இருபதில் ஒருவர் என்ற அளவில் நின்றது.

இப்புள்ளிவிவரங்களை ஐயமின்றி ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆணுறைப் பயன்பாடு பற்றிய விவரம் அவரவர் வாய்மொழி. கேட்பவர் மகிழும் பதிலைக் கூறுவது மனித இயல்பு. மும்பையில் நோய் முன்னதாகவே வேரூன்றியிருந்ததும் ஒரு காரணமாகலாம். இக்குறையை ஓரளவு நீக்க, வடக்கு வங்காளத்தின் இரு சிறு நகர்களில் ஓர் ஒப்பீட்டு ஆய்வு நடத்தப்பட்டது. நகருக்கு நூறு பெண்கள். ஒன்றில் வழக்கமான மருத்துவ வசதியும் அறிவுரையும். மற்றொன்றில் அவற்றுடன் சோனாகாச்சி முறையிலான அமைப்புப் பணி. 2004இல் வெளியான முடிவின்படி, ஆணுறைப் பயன்பாடு முதல் நகரில் 11 சதவீத அளவே உயர, இரண்டாவதில் 39 சதவீத அளவு உயர்ந்தது. சிறிய ஆய்வுதான், ஆயினும் அறிவுரைக்கும் அமைப்புக்கும் உள்ள வேறுபாட்டை அது தனியே பிரித்துக் காட்டியது.

மூன்றாவது தேசியத் திட்டம் இம்முறையை நாடு முழுமைக்குமான விதியாக மாற்றியது. பாலியல் தொழிலாளர் 60 பேருக்கு ஒரு சக கல்வியாளர். போதை ஊசி பயன்படுத்துவோர் 40 பேருக்கு ஒருவர். 2003இல் பில் மற்றும் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளை ‘அவாஹான்’ என்ற பெயரில் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் தொடங்கிய பெருந்திட்டமும் இப்பாதையிலேயே சென்று, பத்தாண்டுகளுக்குள் படிப்படியாக அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைப்பின்போது எவை எளிதில் கைமாறும், எவை மாறா என்பது சிந்திக்கத்தக்கது. மருத்துவ நிலையம், ஆணுறை இருப்பு, வருகைப் பதிவேடு ஆகியவற்றை அலகுச் செலவில் அடக்கலாம். நள்ளிரவில் தாக்கப்பட்ட பெண்ணுடன் காவல் நிலையத்துக்குச் செல்லும் குழுவை எந்த அலகில் அடக்குவது? நிதி நெருக்கடி வரும்போது முதலில் கத்தரிக்கப்படுபவை இத்தகைய செலவுகளே. தடுப்புப் பணியின் ஆற்றல் பெரிதும் இவற்றில்தான் உள்ளது.

ஊசியின் சிக்கல்

வடகிழக்கில் நோய் வேறு வழியில் வந்தது. மியான்மர் எல்லை வழியாக ஹெராயின் வந்துசேரும் மணிப்பூரில், 1989ஆம் ஆண்டின் பிற்பகுதி வரை ஊசி வழிப் போதைப் பழக்கமுடையோரிடம் தொற்று காணப்படவில்லை. அடுத்த சில மாதங்களிலேயே பரிசோதிக்கப்பட்டோரில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் அது காணப்பட்டது. ஒரே ஊசியைப் பலர் பகிர்வதன் வேகம் அத்தகையது. சிறையும், ஆயுதக் குழுக்களின் தண்டனைகளும் அவர்களை மேலும் மறைவிடங்களுக்குத் துரத்தின. மறைவிடத்தில் புது ஊசி கிடைப்பதில்லை.

பழைய ஊசியைப் பெற்றுக்கொண்டு புதியதை அளிப்பதும், நாக்கின் அடியில் கரையும் புப்ரனார்ஃபின் மாத்திரையை ஹெராயினுக்கு மாற்றாக நாள்தோறும் அளிப்பதும் இன்று தேசியத் திட்டத்தின் பகுதிகள். இங்கும் முன்னர்ப் பழக்கத்திலிருந்து மீண்டவரே நம்பத்தகுந்த தூதர். ஆனால் அன்றாடம் மையத்துக்கு வந்து மாத்திரை பெறவேண்டும் என்ற விதி, மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து, அன்றைய கூலியை இழப்பவருக்குப் பெரும் சுமை. 2020இல் ஊரடங்கு காரணமாக, சில நாட்களுக்குரிய மாத்திரைகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப அனுமதி வழங்கப்பட்டது. பல்லாண்டுகளாகப் பயனாளிகள் கேட்டுவந்த சலுகை ஒரு கொள்ளைநோயால் கிடைத்தது.

சட்டத்தின் இரு கைகள்

ஒரு கையால் அழைத்து மறு கையால் அடிக்கும் நிலை நெடுங்காலம் நீடித்தது. 2001இல் லக்னோவில், ஆண்களிடையே எச்.ஐ.வி. தடுப்புப் பணி செய்துவந்த தொண்டர்கள் நால்வர் கைதாகி 47 நாட்கள் சிறையில் இருந்தனர். அவர்கள் வைத்திருந்த கல்விப் பொருள்களே அவர்களுக்கு எதிரான சான்றுகளாக்கப்பட்டன. அத்தகைய பணிக்கு அதே அரசமைப்பின் மற்றொரு துறை நிதி வழங்கிக்கொண்டிருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, வயது வந்தோர் விருப்புடன் கொள்ளும் உறவுக்குப் பொருந்தாது என உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அதே மாதத்தில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஆணுறை, ஊசி வழங்கல் போன்ற தடுப்பு முறைகள் குற்றமாகா என்று தெளிவுபடுத்தியது. எனினும் காவல் நிலையத்தின் நடைமுறை தீர்ப்புகளைவிட மெதுவாகவே மாறுகிறது.

உரிமையின் மற்றொரு பக்கம் அடையாளச் சான்று. 2020 செப்டம்பரில் உச்சநீதிமன்றம், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அடையாளம் காட்டும் பாலியல் தொழிலாளர்களுக்குச் சான்றுகளை வற்புறுத்தாமல் உணவுப் பொருள் வழங்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 2022 மே மாதத்தில், அவ்வமைப்பின் அல்லது மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் அலுவலர் தரும் சான்றிதழைக் கொண்டு ஆதார் அட்டை வழங்கவும் வழி செய்தது. ரேஷன் அட்டைக்கும் ஆதாருக்கும் நோய்த் தடுப்புப் பட்டியல் ஆதாரமானது எவரும் திட்டமிட்டதன்று. முப்பது ஆண்டுகளாக வேறெந்தத் துறையும் அவர்களின் பெயர்களைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

மாறிவரும் களம்

2023ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் சுமார் 25.4 லட்சம் பேர். வயது வந்தோரில் தொற்று 0.2 சதவீதம், அவ்வாண்டில் புதிதாகத் தொற்றியோர் சுமார் 68 ஆயிரம். 2020–21 கண்காணிப்பு ஆய்வில் தொற்று, பாலியல் தொழிலில் உள்ள பெண்களிடையே 1.85 சதவீதமாகவும், ஆண்களுடன் பாலுறவு கொள்ளும் ஆண்களிடையே 3.26 சதவீதமாகவும், திருநங்கையரிடையே 3.78 சதவீதமாகவும், போதை ஊசி பயன்படுத்துவோரிடையே 9.03 சதவீதமாகவும் இருந்தது. இவ்வெண்கள் நால்வகையினரின் வரலாற்றையும் கூறுகின்றன. அமைப்பாகத் திரள முதலில் வாய்ப்புப் பெற்ற பெண்களிடம் நோய் மிகவும் தணிந்துள்ளது. திரள்வதே குற்றமாக இருந்த போதை ஊசிப் பிரிவினரிடம் அது இன்னும் உயர்ந்து நிற்கிறது. மருந்துச் சிகிச்சையின் பரவலும், பரவும் வழிகளின் வேறுபாடும் இதில் பங்கு பெறுகின்றன என்பது உண்மையே. ஆயினும் அவை மட்டும் இவ்வரிசையை விளக்கிவிடா.

களத்தின் வடிவமும் மாறிவிட்டது. சோனாகாச்சி முறை ஒரு சந்தை, ஒரு தெருவை, ஒரு மாடிப்படியை நம்பியது. சக கல்வியாளர் நடந்து சென்று அறுபது பேரைப் பார்க்க முடிந்தது, அவர்கள் ஓரிடத்தில் இருந்ததனால். இன்று பேரம் கைப்பேசியில் முடிகிறது. சந்திப்பு விடுதி அறையிலோ, ஊருக்கு வெளியே ஒரு வாடகை வீட்டிலோ நடக்கிறது. அப்பெண் எந்தச் சந்துக்கும் உரியவளல்லள். பக்கத்து அறையில் தோழி இல்லை. அடுத்த வாசலும் இல்லை. ‘எல்லோரும் சேர்ந்து மறுப்போம்’ என்று கூற அவளுக்கு ‘எல்லோரும்’ யார் என்றே தெரியாது. இணையவழித் தொடர்புப் பணியைத் தேசியத் திட்டம் தொடங்கியிருக்கிறது. அதன் வெற்றியை அனுப்பிய செய்திகளின் எண்ணிக்கையால் அளக்கும் போக்கு இப்போதே தலைகாட்டுகிறது. துண்டுப் பிரசுரங்களை எண்ணிய பழக்கத்தின் தொடர்ச்சி அது.

அறுபதுக்கு ஒருவர் என்னும் விதி அடுத்த முறை திருத்தப்படும்போது, தலைக்கணக்கை மட்டும் மாற்றியமைத்தல் போதாது. ஒரு நகரில் தனித்தனியே தொழில் செய்யும் பெண்கள் மாதம் ஒருமுறையேனும் ஒன்றுகூட ஓர் அறை, அங்கு வந்துபோகப் பேருந்துக் கட்டணம், அன்று இழக்கும் வருமானத்துக்கு ஈடாக ஒரு சிறு தொகை, அவர்களே நடத்தும் சேமிப்புக் கணக்கு ஆகிய நான்கையும் அலகுச் செலவில் சேர்க்கவேண்டும். தணிக்கையாளர் இவற்றை எந்தத் தலைப்பின்கீழ் ஏற்பார் என்பதை நிதி அமைச்சகமும் சுகாதார அமைச்சகமும் முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்வது நலம். இல்லையேல் மாநிலச் சங்கங்கள் முதலாண்டு ஆட்சேபத்துக்குப் பின் இரண்டாம் ஆண்டில் அத்தொகையைச் செலவிடவே மாட்டா.